நாலாம் நம்பர் மெஷினின் ராசி

1964 ஜூலை 6, திங்கள்

ஒன்பதாம் வகுப்பின் இரண்டாவது கணக்குத் தேர்வுத் தாள்களைத் திருத்தி முடித்தேன். முதல் தேர்வில் தொண்ணூற்றாறு வாங்கிய பொன்னாத்தாள் இந்த முறை எழுபத்தெட்டு. அவள் அம்மா மத்தியானம் பள்ளிக்கே வந்துவிட்டாள்.

"டீச்சருங்க, போன தடவ எல்லாருக்கும் முன்னால எம் புள்ளையப் புகழ்ந்தீங்களாமா. அதான் கண்ணு பட்டுப்போச்சு. இனிமே புகழாதீங்கொ."

சிரிப்பதா கோபப்படுவதா தெரியவில்லை. வடிவியலை இன்னும் கொஞ்சம் பார்க்கச் சொல்லுங்கள் என்று அனுப்பிவைத்தேன். ஆனால் ஒன்று. எட்டு வருஷ வேலையில் நானும் இதைப் பார்த்துத்தான் இருக்கிறேன். புகழ்ந்தால் மதிப்பெண் இறங்குகிறது, திட்டினால் ஏறுகிறது. அதனால் நான் புகழ்வதைக் குறைத்துக்கொண்டு வெகுநாளாகிறது. முதுகுக்குப் பின்னால் என்னை மொளகாப்பொடி டீச்சர் என்கிறார்களாம். சொல்லிவிட்டுப் போகட்டும்.

1964 ஜூலை 11, சனி

எங்கள் பனியன் கம்பெனியில் இன்று எடை நாள். கம்பெனி என்றால் வீட்டுக்குப் பின்னால் ஓடு வேய்ந்த ஒரு கூடம், அதில் துணி பின்னும் நான்கு மெஷின்கள். ஓட்டை விழுந்து கழிந்த துணியை மெஷின்வாரியாகக் கட்டிவைத்து, சனி மாலை தராசில் ஏற்றி, கரும்பலகையில் எழுதுவது என் வீட்டுக்காரர் ரத்தினசாமியின் வழக்கம். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

மற்ற மூன்றும் மூன்று, நான்கு கிலோதான். நாலாம் நம்பர் மட்டும் ஒன்பது. அவரைப் பெற்ற அத்தை "ஒம்போதுன்னா எத்தன ராத்தல்" என்று கேட்டு, நான் கணக்குப் போட்டுச் சொன்னதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள்.

மேஸ்திரி அங்கமுத்து பேச வாயெடுத்தார். பத்து வருஷமாக இருப்பவர், ரெண்டாம் நம்பர் மெஷினை அவரே ஓட்டுகிறார், மற்ற மூன்றுக்கும் மேற்பார்வை.

"ஊசி மாத்தியாச்சுங்க மொதலாளி. எண்ணெ போட்டாச்சு. அந்தப் பொம்பள சுத்துன கோனையும் பிரிச்சுப் பாத்துப்போட்டேன், நூல்ல ஒரு முடிச்சு இல்லீங்க, ஒரு கொற இல்லீங்க. அப்பறம் வேற என்னங்க இருக்குது? ஆளோட ராசிதான்."

அந்தப் பொம்பளை என்பது மயிலாள். எங்களிடம் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து, நூல் சிட்டத்தைக் கோனில் சுற்றிக் கொடுப்பாள். நாலாம் நம்பருக்கு மயிலாள். நல்லூரிலிருந்து நடந்து வருகிறாள். புருஷன் போய் இரண்டு வருஷம், இரண்டு பெண் குழந்தைகள். சித்திரையில்தான் சேர்ந்தாள்.

அங்கமுத்துவின் நியாயத்தை யோசித்தால் எனக்கு எரிகிறது. அவள் வேலையில் குறை இருந்தால் குறை அவளுடையது. குறையே இல்லை என்றால் ராசி அவளுடையது. எப்படிப் போட்டாலும் அவள்தான்.

1964 ஜூலை 12, ஞாயிறு

அத்தை இரண்டு முறை சொல்லிவிட்டார்கள்: "தாலி இல்லாத கை நூலத் தொட்டுக் குடுக்குது. அப்பறம் துணி எப்படிக் கண்ணு உருப்படியா வரும்?" என் வீட்டுக்காரர் பேப்பரில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். கெட்டவர் இல்லை. பிடிவாதக்காரரும் இல்லை, அதுதான் இங்கே தொல்லை.

1964 ஜூலை 14, செவ்வாய்

நாலாம் நம்பருக்கு எலுமிச்சை, மிளகாய் கட்டியாகிவிட்டது. மயிலாள் தலைக்கு நேர் மேலே தொங்குகிறது. அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

1964 ஜூலை 18, சனி

நாலாம் நம்பர் பதினொன்று. ஒன்றாம் நம்பர் இரண்டே இரண்டு. இவ்வளவு நல்ல துணி ஒன்றாம் நம்பரில் இந்த வருஷத்தில் வந்ததில்லை என்றார் அவர்.

இரவுச் சாப்பாட்டில் பேச்சு முற்றிவிட்டது. அடுத்த வாரத்தோடு மயிலாளை நிறுத்திவிடலாம் என்று அத்தை சொல்ல, அவர் தலையாட்டப் போனார். நான் குறுக்கே புகுந்தேன்.

"சோதிக்காம முடிவு பண்ணலாமுங்களா? அவளை ஒண்ணாம் நம்பருக்கு மாத்துங்க. ஒண்ணாம் நம்பர்ப் பொண்ணு நாலுக்கு வரட்டும். ராசி அவ கையில இருந்தா அது அவ கூடவே போகோணுமில்ல? போகலைன்னா அவ மேல தப்பு இல்லைன்னு ஆயிருமில்ல?"

அவருக்குப் பிடித்துவிட்டது. "பி.எஸ்ஸி. படிச்சவ சொல்றா பாருங்கம்மா, நாயமாத்தான் இருக்குது" என்றார். அத்தைக்கும் மறுக்க வழியில்லை. திங்கள் முதல் மாற்றம்.

1964 ஜூலை 19, ஞாயிறு

நிம்மதியாக இருக்கிறது. கண்ணால் கண்டால் நம்பத்தானே வேண்டும்.

1964 ஜூலை 21, செவ்வாய்

என்ன காரியம் செய்துவிட்டேன்.

மத்தியானம் ஓய்வு வகுப்பில் ஒன்பதாம் வகுப்பின் இரண்டு தேர்வு மதிப்பெண்களையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதினேன். தலைமையாசிரியை கேட்டிருந்தார்கள், அவ்வளவுதான். முதல் தேர்வில் மேலே நின்ற ஐந்து பேரைப் பார்த்தேன். நான்கு பேர் இறங்கியிருக்கிறார்கள். கீழே நின்ற ஐந்து பேர். ஐந்து பேருமே ஏறியிருக்கிறார்கள்.

திட்டு வேலை செய்திருக்கிறது என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது — அந்தக் கடைசி ஐந்து பேரில் இரண்டு பேர் நான் முதல் தேர்வுத் தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று அம்மையில் படுத்திருந்தவர்கள். நான் அவர்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்களும் ஏறியிருக்கிறார்கள்.

கல்லூரியில் புள்ளியியல் அம்மா ஒரு நாள் சொன்னது ஞாபகம் வந்தது. ரொம்ப உயரமான அப்பன்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் உயரமாகத்தான் இருப்பார்கள், ஆனால் அப்பன் அளவுக்கு இருப்பது அபூர்வம். ரொம்பக் குள்ளமான அப்பன்களின் பிள்ளைகள் அப்பனைவிடக் கொஞ்சம் வளர்ந்திருப்பார்கள். இரண்டு பக்கமும் நடுவை நோக்கி வருகிறது. பரீட்சைக்காகப் படித்து, எழுதி, மறந்துவிட்டேன்.

மதிப்பெண் என்பது என்ன? படிப்பு கொஞ்சம், அன்றைய அதிர்ஷ்டம் கொஞ்சம். படித்த கணக்கே வந்தது, தலைவலி இல்லை, பக்கத்துப் பெண் இருமவில்லை. தொண்ணூற்றாறு வாங்கியவளுக்கு அன்று எல்லாம் கூடி வந்திருக்கிறது. அடுத்த முறை படிப்பு அப்படியே இருக்கும், ஆனால் அந்தக் கூடி வந்தது மறுபடி கூடி வர வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆகவே இறங்குவாள். யார் கண்ணும் படத் தேவையில்லை. கடைசியில் நின்றவள் ஏறுவாள். யாரும் திட்டத் தேவையில்லை. எட்டு வருஷமாக நான் தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் — வேண்டாம், அதை இப்போது நினைக்கவேண்டாம்.

கண் திருஷ்டி என்பதே இதுதானோ? ஒருவரைப் புகழ்வது அவர் உச்சத்தில் நிற்கும்போது. உச்சத்திலிருந்து எங்கே போவார், கீழேதான். காய்ச்சலுக்கு மந்திரிக்கப் போவதும் கொதிக்கிற அன்றைக்குத்தான், இலேசாக இருக்கும்போது யாரும் போவதில்லை. மறுநாள் தானாக இறங்கினால் பெயர் பூசாரிக்கு.

மெஷினும் அதுதானே. ஊசி ஒடிகிறது, நூலில் தடிப்பு வருகிறது, ஆடிக் காற்றில் ஈரம் குறைகிறது, கரண்ட் ஏறி இறங்குகிறது. நூறு சின்னக் காரணங்கள். ஒரு வாரம் எல்லாம் சேர்ந்து நாலாம் நம்பர் தலையில் விழுந்தது. அடுத்த வாரமும் அப்படியே விழும் என்று என்ன இருக்கிறது? ஒன்றாம் நம்பருக்கு எல்லாம் விலகி இரண்டு கிலோ. அதுவும் நிற்காது.

நான் என்ன செய்திருக்கிறேன் என்றால், இருப்பதிலேயே மோசமான மெஷினிலிருந்து மயிலாளை எடுத்திருக்கிறேன். அது இனி தேறும். இருப்பதிலேயே நல்ல மெஷினில் உட்கார வைத்திருக்கிறேன். அது இனி கெடும். அவள் அங்கே உட்கார்ந்தாலும் கெடும், அம்மன் வந்து உட்கார்ந்தாலும் கெடும். இதை ஊரைக் கூட்டி வைத்துச் சோதனை என்று பெயர் சூட்டியது நான். அத்தைகூட இப்படி ஒரு பொறியை அவளுக்கு வைத்திருக்க முடியாது. யானை தன் தலையில் மண் வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். நான் அடுத்தவள் தலையில் போட்டிருக்கிறேன்.

மாலை:

அவரிடம் சொன்னேன். மதிப்பெண்ணைக் காட்டிச் சொன்னேன், காய்ச்சலைச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"சோதன பண்ணலாம்னது நீ. இப்ப முடிவு வர்றதுக்கு முன்னாலயே, முடிவு இப்படித்தான் வரும், வந்தாலும் அது செல்லாதுங்கற. அழுகுணி ஆட்டமால்ல இருக்குது அம்மிணி?"

அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

1964 ஜூலை 23, வியாழன்

நாளைக்கும் மறுநாளுக்கும் ஒன்றாம் நம்பரில் ஓட்டை விழக்கூடாது என்று முருகனை வேண்டிக்கொண்டேன். கணக்கு டீச்சர் கணக்குப் பொய்யாகவேண்டும் என்று வேண்டுகிறேன்.

1964 ஜூலை 25, சனி

நாலாம் நம்பர் ஐந்து. ஒன்றாம் நம்பர் ஆறு.

எல்லோரும் கரும்பலகையைப் பார்த்தார்கள், பிறகு மயிலாளைப் பார்த்தார்கள். அங்கமுத்து, "டீச்சரம்மா சோதனையே சொல்லிப்போட்டுதுங்க" என்றார். என் பெயரில் தீர்ப்பு.

என் வீட்டுக்காரர் சம்பளத்தோடு இரண்டு வாரக் கூலியைச் சேர்த்துக் கொடுத்தார். மயிலாள் அதை வாங்கி, எண்ணாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள். "நான் வர்றனுங்க" என்று என்னிடமும் சொல்லிவிட்டுத்தான் போனாள். போகிறேன் என்று சொல்லக்கூடாது என்று அந்த நேரத்திலும் பார்த்துச் சொன்னாள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

1964 ஜூலை 26, ஞாயிறு

நல்லூருக்கு எந்த நேரத்தில் பஸ் என்று விசாரித்துவைத்தேன்.

1964 ஜூலை 28, செவ்வாய்

பள்ளி விட்டதும் பஸ் ஏறி நல்லூர் போனேன். மயிலாள் வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். கூலிக்கு எடுத்து வந்ததாம். பாயை எடுத்துப் போட்டாள்.

வேறு இடத்தில் கேட்டாயா என்றேன்.

"ரெண்டு கம்பெனியில கேட்டனுங்க. நாலாம் நம்பர் மெஷின்ல இருந்தவதானேன்னு கேக்கறாங்க. அந்த மெஷினு பேரு எனக்கு மின்னால அங்க போயிருச்சுங்க."

நான் அவளுக்குச் சொல்லிப் பார்த்தேன். ரொம்ப மோசமான வாரத்துக்குப் பிறகு சுமாரான வாரம்தான் வரும், யார் வந்தாலும் யார் போனாலும் என்றேன். பாதி புரிந்தது போல இருந்தது. அப்புறம் அவள் சொன்னதை இங்கே எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

"நீங்க எனக்காகச் சொல்றீங்க. ஆனா அந்த மெஷினும் தேறிருச்சு, இந்த மெஷினும் கெட்டுப்போச்சுதுங்களே. என்ற வீட்டுக்காரரும் போயிட்டாரு. எங் கையிலதான் என்னமோ இருக்குதுங்களாட்ட இருக்குது. புள்ளைகளுக்குத் தல பின்னக்கூட இப்ப பயமா இருக்குதுங்க."

ஐயோ. வேலை போனது ஒரு பக்கம். இவளே நம்ப ஆரம்பித்துவிட்டாள். என் சோதனை அவளையும் நம்பவைத்துவிட்டது.

இதைச் சும்மா விடமாட்டேன்.

1964 ஆகஸ்ட் 1, சனி

மயிலாள் போன பிறகு முதல் எடை. ஒன்றாம் நம்பர் ஆறிலிருந்து நாலுக்கு இறங்கிவிட்டது. "பாத்தீங்களா?" என்று அத்தை. பார்த்தேன். அவள் வந்தாள், கெட்டது. போனாள், தேறியது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஆனால் இந்தப் பனம்பழம் அடுத்த வாரம் எந்தப் பக்கம் விழும் என்று முன்கூட்டியே சொல்ல முடியும் என்பதுதான் இதில் அதிசயம். எவ்வளவு மேலே ஏறியிருக்கிறதோ அவ்வளவுக்கு இறங்கத்தான் வாய்ப்பு.

முன்கூட்டியே சொல்ல முடியும் என்றால், முன்கூட்டியே ஒரு சோதனையை வைக்கவும் முடியும். ஏன் எனக்கு இது தோன்றவில்லை?

இதே சோதனை. இன்னொரு ஆள். யாராலும் ராசி கெட்டவர் என்று சொல்லமுடியாத ஆள்.

1964 ஆகஸ்ட் 7, வெள்ளி

ஆடி அமாவாசை. கம்பெனி வாசலில் பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். சுற்றி உடைத்தது அங்கமுத்து.

1964 ஆகஸ்ட் 8, சனி

கொக்கு மாதிரிக் காத்திருந்ததற்குப் பலன். ரெண்டாம் நம்பர் பத்து கிலோ. அது அங்கமுத்துவே ஓட்டும் மெஷின். நாலாம் நம்பர் இரண்டு.

அங்கமுத்து தாமாகவே சொன்னார், நூல் லாட் சரியில்லை என்று. நான்கு மெஷினுக்கும் அதே நூல்தான் என்பதை நான் சொல்லவில்லை. இன்றைக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் வேலை.

சாப்பிடும்போது அவரிடம் கேட்டேன். "மயிலாளுக்கு வெச்ச சோதனைய ஒரே ஒரு தடவ வேற ஆளுக்கு வெச்சுப் பாக்கலாமுங்களா? அங்கமுத்துவ ரெண்டுல இருந்து எடுத்து நாலுல விடுங்க. நாலுதான் இப்ப நல்லா ஓடுது. நாலுல இருக்கறவரு ரெண்டுக்குப் போகட்டும்."

"அங்கமுத்துவுக்கு எதுக்குச் சோதன? அவன் கைராசிக்காரன், இந்தக் கம்பெனிக்கு மொத ஊசி போட்டவன்."

"அப்ப பயமில்லைங்களே. நாலு இன்னும் நல்லாத்தான் ஓடும்."

அவர் என்னையே பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "என்னமோ மனசுல வெச்சிருக்கற. செரி, ஒரு வாரம்."

அங்கமுத்துவுக்கும் சந்தோஷம்தான். "நாலாம் நம்பருங்களா? தங்கமா ஓட்டிக் காட்டறனுங்க" என்றார்.

1964 ஆகஸ்ட் 12, புதன்

பயமாக இருக்கிறது.

வாய்ப்பு அதிகம் என்பதுதான் கணக்கு. நடந்தே தீரும் என்பதல்ல. பொன்னாத்தாள் வகுப்பிலேயே மேல் ஐந்து பேரில் ஒருத்தி இறங்கவில்லை. அந்த ஒருத்தி மாதிரி நாலாம் நம்பர் இந்த வாரமும் இரண்டு கிலோவில் நின்றுவிட்டால்? அங்கமுத்துவின் கை ராசி, மயிலாளின் கை தரித்திரம் என்று கல்வெட்டில் எழுதினாற்போல ஆகிவிடும். அதையும் நானே எழுதியதாகத்தான் இருக்கும். இன்னொரு முறை கேட்டால் அவர் ஒத்துக்கொள்ளவும் மாட்டார்.

அங்கமுத்து வேறு இராப்பகலாக அந்த மெஷினைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். பாவமாகவும் இருக்கிறது. நல்ல வேலைக்காரர். அவர் மேல் எனக்கு என்ன பகை? அவர் செய்ததை அவருக்கே செய்து காட்டுவது சரியா என்று கேட்டுக்கொண்டேன். மயிலாள் பிள்ளைகளுக்குத் தலை பின்னப் பயப்படுகிறாள் என்பதை நினைத்துக்கொண்டு அந்தக் கேள்வியை மூடிவைத்தேன்.

1964 ஆகஸ்ட் 14, வெள்ளி

நாளை சுதந்திர தினம், கம்பெனி விடுமுறை. அதனால் எடை இன்றே. நான் பள்ளியில் கொடித் தோரணம் ஒட்டிவிட்டு, கையில் பசையோடு ஓடிவந்தேன்.

முதலில் ரெண்டாம் நம்பர். நாலு கிலோ. நன்றாகவே தேறிவிட்டது.

பிறகு நாலாம் நம்பர் மூட்டை. தராசின் தட்டு இறங்கியபோதே தெரிந்துவிட்டது. ஏழு. அதுவும் ஒரு நாள் குறைந்த வாரத்தில்.

அவர் சாக்பீஸை எடுத்து எழுதினார். எழுதிவிட்டு வழக்கம் போல நின்றார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். யாரோ ஒரு பெண் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னாள், "மேஸ்திரி போன மெஷினு கெட்டுப்போச்சு, விட்ட மெஷினு தேறிருச்சுங்கோ." சொன்னவள் யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அங்கமுத்துவைப் பார்த்தார்கள். மயிலாளைப் பார்த்த அதே பார்வை.

அங்கமுத்துவின் முகம் கறுத்துவிட்டது.

"என்னங்க இது, எல்லாரும் என்னயப் பாத்தா? மெஷினுன்னா ஒரு வாரம் அப்படி இருக்கும், ஒரு வாரம் இப்படி இருக்கும். அதுக்கு நான் என்னங்க பண்ணறது? நாலு போன வாரம் ஓடுனது அதிசயமுங்க. வாரா வாரம் ரெண்டு கிலோவுல ஓடறதுக்கு அது என்ன சாமியா?"

நான் மூன்று வாரமாகச் சுற்றி வளைத்துச் சொல்ல முடியாததை அந்த மனிதர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

எனக்குப் பேச நாக்குத் துடித்தது. பேசவில்லை. நல்லவேளை, பேசவில்லை. அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார். குரல் உயரவே இல்லை.

"அப்ப மயிலாள் என்ன அங்கமுத்து பண்ணுச்சு?"

அங்கமுத்து தராசின் சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். பிறகு, "அதுவும்... ஒண்ணும் பண்ணலீங்க மொதலாளி" என்றார்.

அத்தை உள்ளே போய்விட்டார்கள். அடுப்படியில் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது.

இரவு படுக்கப் போகும்போது அவர் கேட்டார், "இப்படித்தான் வரும்னு உனக்கு முன்னாலயே தெரியுமா?" அநேகமாக வரும் என்று தெரியும் என்றேன். "அநேகமாவா?" என்றார். ஆமாம் என்றேன். "அநேகத்த நம்பியா அங்கமுத்துவ எல்லார் முன்னாலயும் நிறுத்துன?" என்று கேட்டார். பிறகு தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னார், "நானும் ஒண்ணையும் தெரிஞ்சுக்காமத்தான அந்தப் புள்ளைய அனுப்பினேன்."

1964 ஆகஸ்ட் 16, ஞாயிறு

காலையில் அவரே சைக்கிளை எடுத்துக்கொண்டு நல்லூர் போனார். ஆள் விட்டுக் கூப்பிட்டால் போதும் என்றார்கள் அத்தை. "அனுப்புனது நானுங்க, கூப்படறதும் நானா இருக்கோணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மயிலாள் வீட்டில் இல்லையாம். பல்லடம் ரோட்டில் ஒரு தோட்டத்தில் கடலைக்காய் பறிக்கப் போயிருந்தாளாம். அங்கேயும் தேடிப் போயிருக்கிறார். தோட்டத்துக் கரைமேல் நின்று, வேலைக்குத் திரும்பி வரச் சொல்லியிருக்கிறார். அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. ரெண்டு நாள் வேலை பாக்கி இருக்குதுங்க, முடிச்சுப்போட்டு வர்றனுங்க என்றாளாம். அவருக்கு அது கொஞ்சம் வருத்தம். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

1964 ஆகஸ்ட் 19, புதன்

மயிலாள் வந்துவிட்டாள். எந்த மெஷின் வேண்டும் என்று அவர் கேட்டதற்கு, "நாலேதானுங்க" என்றாளாம்.

மாலையில் பின்வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தாள். நான் பெருமையை அடக்கமுடியாமல், பார்த்தாயா, கடைசியில் கணக்குதானே ஜெயித்தது என்றேன். ஒரு பாராட்டை எதிர்பார்த்தேன் என்றே வைத்துக்கொள்ளலாம்.

மயிலாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

"உங்களுக்குப் புண்ணியமுங்க டீச்சரம்மா. ஆனா ஒண்ணு. நீங்க எனக்கு வெச்சதும் அதே சோதன, மேஸ்திரி அண்ணனுக்கு வெச்சதும் அதே சோதனதானுங்க? எனக்கு வந்தப்ப அது என் ராசி. அண்ணனுக்கு வந்தப்பத்தான் அது மெஷினு. அதுக்கு என்னங்க கணக்கு?"

தெரியவில்லை என்றே சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு, விளக்கு வைக்கிற நேரமாச்சுங்க, புள்ளைக தேடும் என்று கிளம்பினாள்.

இரண்டு தராசு முடிவுகளையும் ஒரே சூத்திரத்தில் எழுதிவிடலாம். நாலாம் நம்பரில் ஒரு பெண் உட்கார்ந்தால் ஒரு விடை, ஓர் ஆண் நின்றால் இன்னொரு விடை என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் எங்கள் கூடத்தில் இருந்தது. நானும் அந்தக் கூடத்தில்தான் இருந்தேன்.

1964 செப்டம்பர் 7, திங்கள்

மூன்றாவது தேர்வு. பொன்னாத்தாள் தொண்ணூற்றொன்று. வகுப்பின் முன்னால் நிற்கவைத்துப் புகழ்ந்தேன். அடுத்த முறை இறங்குவாள், இறங்கட்டுமே.

1964 அக்டோபர் 24, சனி

நாலு நாளாக மழை. கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. இன்றைய எடையில் மூன்றாம் நம்பர் பன்னிரண்டு கிலோ. இதுவரை எந்த மெஷினிலும் வராத எடை. அங்கமுத்து, "இந்த வாரம் செரியில்லீங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

ஆனால் இரவுச் சாப்பாட்டில் அத்தைக்கு மனசு ஆறவில்லை. மயிலாள் நல்லூரிலிருந்து முதல் பஸ்ஸுக்கு முன்னாலேயே நடந்து வந்துவிடுவதால், இரண்டு வாரமாகக் கம்பெனிச் சாவி அவளிடம்தான் இருக்கிறது. திறப்பதும் அவள், முதல் விளக்குப் போடுவதும் அவள். அத்தைக்கு இது தெரியாது.

"பன்னெண்டு கிலோன்னா சும்மாவா? இந்த வாரம் பூராத்துக்கும் காலைல கம்பெனிக்குள்ள மொதக் காலு வெச்சது யாருய்யா?" என்று கேட்டார்கள்.

எனக்கு ரசக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார், நிமிரவில்லை.

"நாந்தானுங்கம்மா" என்றார்.

அத்தை அவரைப் பார்த்தார்கள். பெற்ற மகனைப் போய் என்ன சொல்வது? அப்பளத்தை எடுத்து அவர் இலையில் வைத்தார்கள். கல்யாணமாகி இந்தப் பதினோரு வருஷத்தில் அவர் அத்தையிடம் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. நான் ரசத்தை ஊற்றினேன்.